பால் காய்ச்சாத வீட்டின் நுளம்பு

1

சுவிஸ் நாட்டுப் பாசலில் நுளம்பு வந்துவிட்டது என்று எழுதினால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. போன வருடக் கோடையில் எங்கள் தபாற்பெட்டிக்குள் மாநகரசபை ஒரு துண்டுப்பிரசுரம் போட்டிருந்தது. உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட புலி நுளம்பு தெற்கேயிருந்து மலை தாண்டி வந்துவிட்டதாம். பெயரை நான் வைக்கவில்லை. பூச்சாடிக்குக் கீழே வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மழைநீர்ப் பீப்பாயை மூடுங்கள், கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றுங்கள். அவ்வளவுதான் விஷயம். பக்கத்திலே படமும் போட்டிருந்தார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் என்னைப் போல ஜெர்மன் மொழியில் பாதியை ஊகித்து வாசிப்பவர்களுக்கும்.

நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அங்கே கை கழுவுவதற்கும் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, எந்த விரலுக்குப் பிறகு எந்த விரல் என்று. புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு ஒரு பனிக்காலம் வாந்திபேதி ஒரு மாடி முழுக்கப் பரவியது. அடுத்த மாடிக்கு வரவில்லை. கை கழுவியதால்தான் வரவில்லையா, தன்பாட்டில் நின்றதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒரு சமையற்காரி ஒருதடவை பார்த்ததை வைத்து அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் பல இடங்களில், பல வருடங்களாக, இதே வேலையாக இருந்து பார்த்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் என் வீட்டுக்கு நேர் கீழே குணசீலன் அண்ணை இருக்கிறார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். பதவிக்காலம் முடிந்தாலும் பதவி முடிவதில்லை. துண்டுப்பிரசுரம் வந்த கிழமை ஞாயிறு காலையில் நான் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டியபடி, ஒரு கையில் அந்தப் பிரசுரம், மறுகையில் பூச்சாடித் தட்டு. படத்தைப் பார்ப்பதும் தட்டைக் கவிழ்ப்பதுமாக நின்றார். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரக் கிழவிக்கும் அவளுடைய தட்டைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். என்னைக் கண்டுவிட்டு, "சட்டம் எண்டால் சட்டம்தானே தங்கச்சி. பேந்து ஃபைன் அடிச்சுப்போட்டாங்கள் எண்டால்?" என்றார்.

இந்தக் குறிப்பு அந்த மனிதரைப் பற்றியது.

2

எங்கள் ஊரான புத்தூரில் என் தங்கச்சி பவானியின் வளவுக்கு அடுத்த வளவில் குணசீலன் அண்ணை ஒரு வீடு கட்டியிருக்கிறார். இரண்டு மாடி. அறைக்கு ஒரு குளியலறை. கேற்றுக்கு இரண்டு பக்கமும் வாய் பிளந்த சிங்கம். மொட்டைமாடியில் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. புருஷனும் மனிசியும் வருடத்துக்கு மூன்று கிழமை போய் இருப்பதற்காக இவ்வளவும். பிள்ளைகள் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை கட்டி, கதவுக்கு மேலே பெயரும் பொறித்திருக்கிறார்.

போன வருடம் சித்திரையில் வீடு முடிந்தது. பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு நாள் பார்த்தால் இவருடைய லீவு நாளும் ஐயர் சொன்ன நல்ல நாளும் ஒத்துவரவில்லை. சரி, அடுத்த வருடம் ஆனியில் செய்வோம் என்று ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். மேசன்மார் விட்டுப்போன பெயின்ற் வாளிகள் முன் விறாந்தைக் கிறிலுக்குள், மழைச்சாரல் அடிக்கும் இடத்தில். மொட்டைமாடியில் மட்டம் பிழைத்த இடத்தில் குளம் மாதிரித் தண்ணீர். தாங்கியின் மூடியைக் காற்று என்றோ கொண்டுபோய்விட்டது.

இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடு ஊரில் ஒன்றா இரண்டா என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் இந்த வீட்டின் மதிலுக்கு இந்தப் பக்கம் ஆரணி இருக்கிறாள்.

ஆரணி பவானியின் மகள். ஊருக்குக் கிட்ட இருக்கும் எங்கள் திருநெல்வேலியில் கம்பஸ் படிக்கிறாள். தினமும் பஸ்சில் போய் வருகிறாள். இந்த வீடு முடிவதற்கு முந்திய மாரியில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கூட்டிக்கொண்டு போகிறோம் என்று பவானியின் மனிசன் பையையும் கட்டிவிட்டார். அங்கே நின்ற ஒரு இளம் பெண் டொக்டர், "காய்ச்சல் விடுற நேரந்தான் ஐயா நாங்கள் பயப்பிடுற நேரம்" என்று சொல்லி மறித்துவிட்டார். பின்னேரமே பிள்ளைக்குக் கை கால் குளிர்ந்து, பிறஷர் விழுந்தது. சேலைனை அளவு பார்த்து ஏற்றி அவளை மீட்டெடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பவானி இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் எங்கள் சங்கத்தின் கைபேசிக் குழுவைப் பார்த்திருக்க வேண்டும். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எல்லாப் பக்கத்திலுமிருந்து வைத்தியம் வந்து குவிந்தது. பப்பாசி இலைச் சாறு கொடுங்கோ, குருதித் தட்டு, அதுதான் பிளேற்லெற், ஒரே நாளில் ஏறும் என்று குரல்பதிவு. பப்பாசி இலையைப் பற்றிச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, குருதித் தட்டுக் கொஞ்சம் ஏறியதாகவும் சிலவற்றில் சொல்கிறார்கள் என்று அந்த டொக்டரே பவானிக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் தட்டு ஏறுவதும் ஆள் தப்புவதும் ஒன்றல்ல, நீராகாரம் சரியாகப் போகிறதா, பிறஷர் நிற்கிறதா என்று மணிக்கொருதரம் பார்ப்பதற்குப் பதிலாக அது வராது என்றும் சொல்லியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமாக ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு எங்கள் குழுவில் எவருக்குப் பொறுமை? "டொக்டர்மாருக்கு உது தெரியாது" என்று ஒருவர் எழுதினார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

வீட்டுக்கு விடும்போது அந்த டொக்டர் பவானியிடம் சொன்னது இது. "இதிலை நாலு வகை இருக்கம்மா. உங்கடை பிள்ளைக்கு ஒண்டு வந்து போட்டுது. வேறை வகை ரெண்டாந்தரம் வந்தால் முதல் தரத்தை விடக் கடுமையாய் இருக்கக்கூடும். எல்லாருக்கும் அப்பிடி வராது. ஆனால் நாங்கள் அதை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கேலாது. வீட்டைச் சுத்தித் தண்ணி நிக்க விடாதேங்கோ."

பவானி தன் வளவில் ஒரு சிரட்டையைக்கூட நிமிர்ந்து கிடக்க விடுவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்தை அவள் என்ன செய்ய முடியும்?

3

புரட்டாதியில் முதல் மழை விழுந்ததும் பவானி கூப்பிட்டாள். "அக்கா, சுகாதாரப் பரிசோதகர், அந்த பி.எச்.ஐ. வந்து கிறிலுக்குள்ளாலை ரோச் அடிச்சுப் பாத்தவர். வாளியளுக்கை குடம்பி நெளியுதாம். பூட்டை உடைக்கத் தனக்கு அதிகாரம் இல்லையாம். நீங்கள் ஒருக்கால் அவரோடை கதையுங்கோ. ஆரையும் விட்டுத் தண்ணியை ஊத்தினால் காணும்."

நான் படியிறங்கிக் கீழே போனேன். அவருடைய மனிசி வசந்தா அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் விஷயத்தைச் சொன்னேன். குணசீலன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் கேட்பதுபோலக் கேட்டார்.

"வீடு இன்னும் பால் காய்ச்சேல்லைத் தங்கச்சி. காய்ச்சும் மட்டும் ஒருத்தரும் உள்ளிடக்கூடாது எண்டு ஐயர் சொன்னவர்."

"உள்ளிட்டு இருக்கவே போகினம்? தண்ணியை ஊத்திப்போட்டு வரப்போகினம்."

"உள்ளிட்டால்தானே ஊத்தலாம்."

"மேசன்மார் ரெண்டு வருசமாய் உள்ளுக்கைதானே அண்ணை நிண்டவங்கள்? வெத்திலை போட்டுத் துப்பினவங்கள்?"

"அது கட்டேக்கை. இது கட்டி முடிச்சபேந்து."

"அப்பிடியெண்டால் நுளம்பு பால் காய்ச்சாமலே குடிபூந்திட்டுது" என்றேன்.

வசந்தா அக்கா சிரித்துவிட்டா. அவர் சிரிக்கவில்லை. "உந்தப் பகிடியளை விடுங்கோ. அந்தப் பிள்ளையிலை எனக்கு அக்கறை இல்லையெண்டே நினைக்கிறியள்? நான் சங்கத்தாலை ரெண்டு புகை மிசின் வாங்கி அனுப்பப்போறன். ஊர் முழுக்க அடிக்கட்டும். ஒரு நுளம்பு மிஞ்சாது" என்றார்.

அவருக்குப் பின்னால் பல்கனியில், பூச்சாடித் தட்டுகள் ஒழுங்காகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. சுவிஸ் நுளம்புக்குச் சட்டம் இருக்கிறது, புத்தூர் நுளம்புக்குத் தலைவர் இருக்கிறார்.

4

புகை மிசின் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம், வழமையான இடம். அகவணக்கம், அறிக்கை, மரக்கறி றோல், பிறகு தீர்மானம்.

நான் எழுந்து பேசினேன். புகை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பறந்து திரியும் நுளம்பில் கொஞ்சத்தை அது கொல்லும். ஒரு வீட்டில் டெங்கு வந்தால் அந்தச் சுற்றாடலில் அவசரத்துக்கு அடிக்கிறார்கள். ஆனால் தண்ணீருக்குள் கிடக்கும் குடம்பியை அது ஒன்றும் செய்யாது. இந்த நுளம்பு வீட்டுக்குள்ளே, கட்டிலுக்குக் கீழே, திரைச்சீலைக்குப் பின்னாலே ஒதுங்கியிருப்பது. தெருவில் அடிக்கும் புகை அங்கே போகாது. ஒரு கிழமையில் புதுச்சந்ததி பறக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இதே வேலையாக இருக்கும் ஆட்கள், வேறு வேறு நாட்டுக்காரர், ஒருவரோடு ஒருவர் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிப்பவர்கள், இதில் மட்டும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறார்கள்: முதலில் தண்ணீரைக் கவிழ். அந்தக் காசில் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சப்பேருக்குச் சம்பளம் கொடுத்து, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திறப்பை ஒரு இடத்தில் வைத்து, கிழமைக்கு ஒருதரம் பார்க்கச் சொல்வோம் என்றேன்.

திறப்பு என்ற சொல் விழுந்ததும் மண்டபம் குளிர்ந்துபோயிற்று. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது.

பொருளாளர் எழுந்தார். "விஞ்ஞானியள் இண்டைக்கு ஒண்டு சொல்லுவினம், நாளைக்கு வேறொண்டு சொல்லுவினம். முட்டை கூடாது எண்டிச்சினம், இப்ப முட்டை நல்லதாம்." கைதட்டல். இந்த மனிதருக்கு நெஞ்சுக் குழாயில் அடைப்பு வந்தபோது, விஞ்ஞானி நாளைக்கு மாற்றிச் சொல்லுவான் என்று காத்திருக்கவில்லை. அம்புலன்சில் போய்ப் படுத்து, சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்து, வைத்த கம்பியோடு உயிரோடு நிற்கிறார். தன் நெஞ்சு என்றால் நிபுணன், ஊரான் பிள்ளை என்றால் முட்டைக் கதை.

பிறகு தலைவர் தன் துருப்பை இறக்கினார். ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர் டொக்டர் ஒருவர் புகை மிகவும் நல்லது என்று குரல்பதிவு அனுப்பியிருக்கிறாராம். போட்டுக் காட்டினார்கள். கணீரென்ற குரல். டொக்டரே சொல்லிவிட்டார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் பல் வைத்தியர். அதை நான் எழுந்து சொன்னேன். "பல்லெண்டாலும் டொக்டர்தானே" என்றது ஒரு குரல். அப்படியானால் கோழிக்கு ஊசி போடுகிறவரிடமும் கேட்கலாமே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பில் எனக்கு என் கையும், பின்வரிசையில் தூங்கியெழுந்த ஒருவருடைய கையும் கிடைத்தன. அவர் எதற்குக் கை தூக்கினார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து குழுவில் நீளமாக எழுதினேன். வாசிக்கக்கூடிய கட்டுரைகளின் இணைப்பும் போட்டேன். மறுநாள் பவானி கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்கள் எழுதினதை அவர் இஞ்சை ஆக்களுக்குக் காட்டி, பவானி ஏவிவிட்டுத்தான் தமக்கை எழுதுறா எண்டு சொல்லுறாராம். உங்களுக்கு அங்கை இருந்து எழுதுறது சுகம். எனக்கு அவரின்ரை மதில்தான் மதில், நாளும் முகம் பாக்கவேணும்."

அவள் சொன்னது சுட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

5

இனி அரச கந்தோர்க் கதை. பி.எச்.ஐ. கேற்றில் சிவப்பு அறிவித்தல் ஒட்டினார். வீட்டுச் சொந்தக்காரர் குறித்த நாளுக்குள் வளவைத் துப்புரவாக்க வேண்டும். சொந்தக்காரர் பாசலில். சரி, பொறுப்பானவர் யார்? வீட்டுக்கான அதிகாரப் பத்திரம், அந்த அற்றோணித் தத்துவம், கொழும்பிலிருக்கும் வசந்தா அக்காவின் தம்பியிடம் இருக்கிறது. அவர் ஃபோன் எடுப்பதில்லை. வழக்குப் போட்டால் அழைப்பாணை யாருக்குக் கொடுப்பது? சிங்கத்துக்கா? பாவம் அந்த பி.எச்.ஐ. இளைஞர், ஒரு மோட்டார் சைக்கிளும் பூட்டிய வீடுகள் நிறைந்த ஒரு பிரிவும் வைத்துக்கொண்டு ஓடித்திரிகிறார். சிவப்பு அறிவித்தலைப் படம் பிடித்து யாரோ குழுவில் போட்டார்கள். தலைவர் அதன்கீழே, "புலம்பெயர்ந்தவர்களின் சொத்தில் கைவைக்கும் அதிகாரிகள்" என்று எழுதினார்.

கார்த்திகையில் புகை மிசின் போய்ச் சேர்ந்தது. விழா வைத்தார்கள். மிசினுக்குச் சந்தனம் பூசி, பூமாலை போட்டு, தலைவரின் பெயர் எழுதிய பனரைப் பிடித்தபடி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பிறகு புகை. வீடியோவில் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று தெருவை மூடிக்கொண்டு போனது. பின்னாலே சின்னப்பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தலைவரின் வீட்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அதிகமாக அடித்தார்கள், மரியாதைக்கு. கதவும் யன்னலும் இறுக்கப் பூட்டிய வீடு. புகை சிங்கங்களைச் சுற்றி வந்து, போய்விட்டது. தண்ணீரைக் கவிழ்த்தால் படத்தில் என்ன விழும்? வெறும் வாளி. அதற்கு முன்னால் மாலையோடு நிற்க யாருக்கு மனம் வரும்?

அந்த மாரி முழுவதும் பவானி மகளுக்குக் கால்முட்ட உடுப்பும் மருந்துப் பூச்சும் பகலில் நுளம்பு வலையுமாகக் காவல் இருந்தாள். ஒருநாள் ஆரணிக்குக் காய்ச்சல் காய்ந்தது. பவானி எனக்குக் கூப்பிட்டு, "பிள்ளைக்குக் காயுது அக்கா" என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இரத்தம் பார்த்தார்கள். டெங்கு இல்லை, சாதாரணத் தடிமன் காய்ச்சல். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதேன். மேற்பார்வைக்காரி வெங்காயமா என்று கேட்டாள்.

மாசியில் மழை விட்டு, வெயில் ஏறி, தேங்கிய தண்ணீர் தானாகக் காய்ந்தது. நுளம்பும் குறைந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் குறைகிறது. தலைவர் குழுவில் எழுதினார்: "ஆரணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. புகை வேலை செய்திருக்கிறது. குறை சொன்னவர்கள் இப்போது எங்கே?"

6

என் மகன் கபிலன் சூரிச்சில் இருக்கிறான். காப்புறுதி நிறுவனமொன்றில் எண்களோடு வேலை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். என் தமிழுக்கு அவன் ஜெர்மனில் பதில் சொல்வான், அவன் ஜெர்மனுக்கு நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் விளங்கும், இருவருக்கும் முழுதாக விளங்காது.

தலைவர் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"புகை அடிக்காத பக்கத்து ஊரிலை எப்பிடி?" என்று தன் ஜெர்மனில் கேட்டான்.

"அங்கையும் குறைஞ்சிட்டுது."

"போன வருசம்? புகை மிசின் இல்லாத வருசம்?"

"அப்பவும் மாசியிலை குறைஞ்சதுதான்."

"பிறகென்ன அம்மா?" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு. கணக்கு முடிந்தது, அடுத்த விஷயம். எனக்குப் பெருமையாக இருந்தது, அதோடு என்னவோ செய்தது. ஆரணி அவனுடைய சொந்தச் சின்னம்மாவின் மகள், தங்கச்சி முறை. அவள் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. "உங்கடை ஊர் ஆக்கள் ஏன் இப்பிடி?" என்றுதான் கேட்டான். உங்கடை ஊர். இவன் ஒருநாள்கூட எங்கடை ஊர் என்று சொன்னதில்லை. சொல்லவைக்கும்படி நாங்கள் என்ன வைத்திருக்கிறோம்? பூட்டிய வீடுகளும் கதவுக்கு மேலே பெயர் எழுதிய வெற்றறைகளும்.

7

இந்த வருடம் ஆனியில் ஒருவழியாக ஐயரின் நாளும் லீவு நாளும் ஒத்துவந்தன. குடிபூரல் நடந்தது. எனக்குக் கீழ்வீட்டிலிருந்து கார்ட் வந்தது. நான் போகவில்லை. பவானி போனாள். கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குச் சூடு சுரணை இல்லையே? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனியோ?"

"பக்கத்து வீடு அக்கா. அவை பால் காய்ச்ச நான் வீட்டிலை இருக்கேலுமே? நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் மதிலுக்கு அங்காலை நிண்டு பாப்பினம். உங்களுக்குக் கோபம் வந்தால் ஃபோனை வைக்கலாம். எனக்கு வைக்க ஒண்டும் இல்லை."

பிறகு நடந்ததைச் சொன்னாள். பால் பொங்கியது. எல்லோரும் ஆகா என்றார்கள். ஐயர் தட்சணை வாங்கினார். பவானி கூறைச்சேலையோடு நேரே மாடிப்படி ஏறி, மொட்டைமாடிக்குப் போய், மூடியில்லாத தாங்கிக்குள் குனிந்து பார்த்தாள். கீழே இறங்கி வந்து, சபை நிறைய ஆட்கள் இருக்க, வசந்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பால் காய்ச்சியாச்சு. இனி ஒரு தடையும் இல்லைத்தானே? நீங்கள் போகேக்கை திறப்பை என்னட்டைத் தாங்கோ. மாரிக்கு நான் பாத்துக்கொள்ளுறன். ஒரு சல்லியும் வேண்டாம்."

தலைவர் முந்திக்கொண்டார். "உமக்கேன் தங்கச்சி கரைச்சல்? அதுக்குத்தானே புகை மிசின் இருக்கு?"

அப்போது ஆரணி வாய் திறந்தாளாம். டெங்குவுக்குப் பிறகு கொட்டிய தலைமயிர் அவளுக்கு இன்னும் முழுதாக வளரவில்லை. "புகை வெளியிலை அடிக்கினம் மாமா. நுளம்பு உள்ளுக்கை இருக்கு."

ஐயர்கூடக் குங்குமத் தட்டை வைத்துவிட்டுப் பார்த்தார். வசந்தா அக்கா புருஷனைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கோர்வையிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றிப் பவானியின் உள்ளங்கையில் வைத்தா. அந்த மனிசியை நான் அதுவரை ஒரு தேத்தண்ணிக்காரியாகத்தான் நினைத்திருந்தேன். அன்று முதல் அவவைக் கண்டால் நின்று கதைக்கிறேன்.

தலைவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "வைச்சிருங்கோ, வைச்சிருங்கோ, உங்கடை வீடு மாதிரித்தானே" என்றார். படமும் எடுத்தார்கள். குழுவில் அன்றிரவே வந்தது: "அயலவரிடம் திறப்பைக் கையளிக்கும் தலைவர்." நான் அதைப் பார்த்துவிட்டு முதல்தடவையாக ஒரு கும்பிடும் கை போட்டேன். போட்டிருக்கக்கூடாது.

8

போன ஞாயிறு காலை பத்து மணிபோல் பவானி வீடியோவில் வந்தாள். அங்கே பின்னேரம். இரண்டு நாளாக விடாத மழை அப்போதுதான் விட்டிருந்தது. தலைவரின் வீட்டு முன் கிறில் கதவடியில் நின்றாள். ஆரணி ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திறப்புச் சேருதில்லை."

"கறள் பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டுப் பாத்தியோ?"

"என்னத்துக்கு எண்ணெய்? இது வேறை பூட்டு. புதுசு. விலை ஒட்டினதுகூடக் கிழிக்கேல்லை. பிள்ளை, கிட்டப் பிடி, பெரியம்மா பாக்கட்டும்."

பார்த்தேன். பளபளவென்ற புதுப் பூட்டு. விமானம் ஏறுவதற்கு முன் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். சபையில் கொடுத்த திறப்பைத் திருப்பிக் கேட்க அவருக்குத் துணிவில்லை. அந்தளவுக்குக்கூட முதுகெலும்பு இல்லை. ஒரு பெண்பிள்ளையின் உயிருக்குக் கேட்ட திறப்பை, சிரித்துக்கொண்டு கொடுத்து, படம் எடுத்து, பிறகு கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கியிருக்கிறார். நான் வெட்கப்பட்டேன், அவருக்காக அல்ல, அவரோடு ஒரே மண்டபத்தில் றோல் தின்றதற்காக.

கிறிலுக்குள்ளே, குடிபூரலுக்கு ஒரு மூலையில் ஒதுக்கிய பெயின்ற் வாளிகள் அப்படியே இருந்தன. ஆரணி ஃபோனைச் சரித்துக் காட்டினாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன நெளிவுகள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் காலில் பட்டென்று அடித்தாள். பவானி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தை நான் பார்த்தேன்.

"பி.எச்.ஐ.க்குச் சொல்லு பவானி. முறையாய்ச் செய்வம்" என்றேன். முப்பது வருடச் சுவிஸ் என் வாயில் அப்படி வந்தது.

"இப்பத்தான் ஃபோனிலை சொன்னனான். வழக்குப் போடுறாராம். தவணை தையிலையோ மாசியிலையோ வருமாம். நுளம்பிட்டையும் தவணை கேக்கட்டோ?" அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஆரணி, கிணத்தடியிலை அலவாங்கு கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

"பவானி, பொலிசுக்குப் போவார்."

"போகட்டும். பொலிசு வந்து நிண்டு பாக்கட்டும், வாளிக்கை என்ன கிடக்கு எண்டு. மொட்டைமாடிக்கும் ஏத்திக் காட்டுறன்."

ஃபோன் ஆடியது. படியில் எதன்மீதோ சாய்த்து வைத்தார்கள். பூட்டும் கதவும் நேரே தெரிந்தன. இரும்பு சீமெந்தில் இழுபட்டு வரும் சத்தம் கேட்டது.

"வைக்காதை" என்றேன். "நான் பாக்கவேணும்."

"நீங்கள் பாத்து என்ன அக்கா? அவர் கீழ்வீட்டிலைதானே இருக்கிறார்? கொண்டுபோய் அவருக்குக் காட்டுங்கோ. தெரியாமல் செய்தன் எண்டு இருக்கக்கூடாது."

வீட்டு உடுப்போடும் சிலிப்பரோடும் படியிறங்கினேன். மணியை அடித்தேன். உள்ளே பக்திப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குணசீலன் அண்ணை திருநீற்றோடு கதவைத் திறந்து, "வாங்கோ தங்கச்சி" என்றார். நான் உள்ளே போகவில்லை. ஃபோனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். பவானி அலவாங்கைப் பூட்டு வளையத்துக்குள் கொடுத்து, காலை ஊன்றி, நெம்பினாள்.